குளிர்த்தி பாட வழியில்லாத விளையாட்டுகள்

அன்புள்ள அக்கா,

கணினி விளையாட்டுகளின் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம், கதை என் பொறுப்பு. அதில் ஒரு படைப்புத் தெய்வம் வருகிறாள். வாவியை உண்டாக்கியவள், அதற்காக அங்கே முன்பு இருந்த ஓர் ஊரைத் தண்ணீருக்குள் விட்டவள். நிலாக் காலத்தில் வாவிக்குள்ளிருந்து கேட்கும் பாட்டு அந்த ஊர்ச் சனங்களுடையது. அவள் நல்லவளா கெட்டவளா என்று விளையாடுகிறவர் கடைசிவரை முடிவெடுக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எழுத எழுத இரண்டு பக்கத்தையும் சரிசமமாகப் பிரித்து வைத்தது போலச் சப்பென்று இருக்கிறது. நான் விளையாடியவற்றில் முக்கால்வாசியில் கடவுள்தான் கடைசி வில்லன், அடித்து விழுத்தினால் கதை முடிந்தது. எனக்கு அப்படி முடிக்க விருப்பமில்லை. இன்னொன்று, அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "சாமியை வைத்து விளையாடாதே" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். இந்த மாதிரிக் கதை நம்முடைய ஆட்களுக்கு ஒட்டாதா?

ஒரு வாசகன், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

அம்மாவிடமிருந்தே தொடங்குவோம். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். மற்றப் பாதிக்குத் திருக்குறளை எடுத்து நீட்டுங்கள். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றியான்" என்று, உலகத்தைச் செய்தவனும் அலைந்து திரிந்து அழியட்டும் என்று, வள்ளுவர் இரவச்சத்தில் சாபமே போட்டிருக்கிறார். புறநானூற்று 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் கல்யாண முழவும் கேட்பதைப் பார்த்துவிட்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பிரமனோ பிரணவத்துக்குப் பொருள் தெரியாமல் ஒரு சின்னப் பிள்ளையிடம் தலையில் குட்டு வாங்கிச் சிறையில் கிடந்தவர், அந்த நேரத்தில் படைப்பு வேலையையும் அந்தப் பிள்ளையே பார்த்தது. படைத்தவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை நாம் யப்பான் கேம்களிலிருந்து படிக்கத் தேவையில்லை.

சரி, கேமுக்கு வருவோம். உங்கள் தெய்வம் ஏன் சப்பென்று இருக்கிறாள் என்பதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், சரிசமமாகப் பிரித்திருக்கிறீர்கள். ஐம்பதுக்கு ஐம்பது என்று அளந்து ஊற்றிய தெய்வத்தை விளையாடுகிறவர் கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், அதற்குப் பிறகு அவளைப் பற்றி யோசிக்க அவருக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. 'கடவுள்தான் வில்லன்' என்ற திருப்பமும் அப்படித்தான், முதல் தடவை அதிர்ச்சி, அப்புறம் பழக்கம். 2010இல் வந்த ஜெனோபிளேட் குரோனிகிள்ஸில் ஜான்ஸா என்ற கடவுள் வெளிப்பட்டபோது எனக்கு ஒரு சலிப்புத்தான் வந்தது. தான் படைத்த உயிர்கள் தன்னை விட்டுப் போய்விடும் என்று பயந்து அவர்களை மறுபடி மறுபடி அழிக்கிற கடவுள், சரி, அடிப்போம். 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அந்த ஆளின் மற்றப் பாதி வருகிறது. முன்பு மனிதனாக இருந்தபோது செய்த ஒரு பரிசோதனையால் பழைய பிரபஞ்சத்தையே இழந்து, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி புது உலகத்தில் ஜான்ஸாவாகி ஆட, மறு பாதி பாழாய்ப்போன பழைய உலகத்தில் தனியே இருந்து செய்ததை நினைத்துக்கொண்டே வேறோர் உலகத்தைச் செய்கிறது. அதைப் பார்த்த பிறகு முதல் பாகத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அது பரிகாரம் தேடுகிற ஆளின் கதை, நீங்கள் கேட்கும் குழப்பம் அதில் இல்லை.

அந்தக் குழப்பத்தை ஒழுங்காகச் செய்தது 2002இல் வந்த மோரோவிண்ட். அந்த உலகத்தில் லோர்கான் என்றொரு தெய்வம், மற்றத் தெய்வங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு சாகிறவர்களுக்கான இந்த உலகத்தை உண்டாக்கியவன். எல்ஃப் என்ற இனத்தாரிடம் கேட்டால் அவன் ஏமாற்றுக்காரன், சாவே இல்லாமல் இருந்த எங்கள் மூதாதைகளை இந்தச் சிறைக்குள் பூட்டினவன் என்பார்கள். மனிதர்களிடம் கேட்டால், அவன் இல்லையென்றால் நாங்களே இல்லை, எங்களுக்காக உயிரைக் கொடுத்தவன் என்பார்கள். செய்தது ஒரே காரியம்தான். லோர்கான் வந்து தன் பக்கத்தைச் சொல்வதே இல்லை, எப்படிச் சொல்வான், மற்றத் தெய்வங்கள் அவன் இதயத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டார்களே. அந்த இதயம் விழுந்து கிடக்கிற மலையைச் சுற்றித்தான் முழுக் கதையும். அதன் சக்தியைத் திருடிச் சாதாரண ஆட்கள் மூன்று பேர் தெய்வமாகிச் சனங்களை ஆளுகிறார்கள், உண்மையாகவே பாதுகாக்கவும் செய்கிறார்கள். அவர்களில் விவெக் என்பவரிடம் நேரே போய், தெய்வமாவதற்கு முன்பு உங்கள் நண்பனாக இருந்த நெரவாரை நீங்கள்தானே கொன்றீர்கள் என்று கேட்கலாம். பதில் கிடைக்கும், ஆனால் அதை நம்பலாமா என்பது வேறு கதை.

இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று: உங்கள் தெய்வத்துக்குள்ளே இரண்டு குணத்தைக் கலக்காதீர்கள், அவளைப் பற்றிப் பேச இரண்டு ஊரை உண்டாக்குங்கள். வாவியில் மீன் பிடித்துச் சாப்பிடுகிற ஊர் ஒன்று, தண்ணீருக்குள் போன ஊர் ஒன்று. அவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்து "எல்லாம் உலகத்தின் நன்மைக்காகத்தான் செய்தேன்" என்று அரை மணித்தியாலம் பேசினால் அவளும் அரசியல்வாதி ஆகிவிடுவாள்.

எல்டன் ரிங் இதே வழியில் இன்னும் தூரம் போனது. 2022இல் அது வந்த நேரம் இங்கே மின்வெட்டுக் காலம், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஆகவே நான் விளையாடியதை விட யோசித்ததுதான் கூட. மரிகா என்ற அரசி, ஒரு தங்க மரத்தின் கீழே ஓர் ஒழுங்கை நிறுவிச் சாவையே அதிலிருந்து எடுத்துவைத்தவள், பிறகு தானே அந்த ஒழுங்கின் வளையத்தை உடைத்தவள். ஏன் உடைத்தாள் என்று ஒருவரும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள், கிடைக்கிற வாளிலும் மோதிரத்திலும் எழுதியிருக்கிற இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து நாமே வழக்கைக் கட்ட வேண்டும். 2024இல் அதே கேமுக்கு வந்த கூடுதல் பகுதியில் அவள் பிறந்த ஊருக்குப் போகலாம். அந்த ஊர்ப் பெண்களை ஓர் இனத்தார் பிடித்துக்கொண்டுபோய்ச் சாடிகளுக்குள் அடைத்தார்கள், தெய்வமான பிறகு அவள் தன் மகனை அனுப்பி அந்த இனத்தையே எரித்தாள், பிறகு அந்த மகனையும் கைவிட்டாள். ஊரில் இப்போது பூ மட்டும்தான். அங்கே கிடைக்கிற ஒரு மந்திரம், குணப்படுத்த ஒருவரும் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டே அவள் அந்த ஊருக்குப் போட்ட வைத்தியம். அதை வாசித்த பிறகு அவள் எரித்தது சரியாகிவிடவில்லை, ஒரு துளியும் ஆகவில்லை, ஆனால் அவளை வெறுக்கிற வேகமும் போய்விட்டது.

பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியையும் (2015) முடிந்தால் விளையாடிப் பாருங்கள், வாசிக்க நிறைய இருக்கும், பொறுமை வேண்டும். கடவுள்களைத் தேடித் தேடி ஒருவரையும் காணாத ஒரு பழைய இனம், சனங்கள் கடவுள் இல்லாமல் என்ன ஆவார்களோ என்று பயந்து, தங்கள் ஆட்களின் ஆன்மாக்களையே கொடுத்துக் கடவுள்களைச் செய்துவைக்கிறது. படைத்தது மனிதன், படைக்கப்பட்டது தெய்வம்.

இப்போது எனக்குள்ள குறை. இவ்வளவு அருமையாகச் சந்தேகத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, கடைசியில் இந்த விளையாட்டுகள் நம் கையில் என்ன தருகின்றன என்று பாருங்கள். அந்தத் தெய்வத்தைக் கொல், அல்லது அதன் இடத்தில் நீ போய் உட்கார், அல்லது அதற்குக் கீழ்ப்படிந்து பழைய ஒழுங்கை ஒட்டிவை. திரும்பத் திரும்ப இவைதான். ஹாலோ நைட்டில் (2017) இது எனக்கு நன்றாக உறைத்தது. பூச்சிகளுக்கு அறிவைக் கொடுத்து ஓர் இராச்சியம் கட்டிய வெளிறிய அரசன், அதற்கு முன்பே அந்துப்பூச்சி இனத்தைத் தன் ஒளியிலிருந்து பிறப்பித்த ரேடியன்ஸ் என்ற தேவி. அரசன் வந்ததும் அவள் பிள்ளைகளே அவளை மறக்கிறார்கள். மறக்கப்பட்டவள் கனவு வழியாகத் திரும்பி வருகிறாள், காய்ச்சலாக, உடம்பெல்லாம் செம்மஞ்சள் கொப்புளமாக. அவளை அடைத்துவைப்பதற்கு அரசன் தன் பிள்ளைகளையே பாத்திரமாக்கிப் பார்த்து, சரிவராத எத்தனையோ பேரைப் பாதாளத்தில் விடுகிறான். நாம் விளையாடுவது அப்படி விடப்பட்ட ஒரு பிள்ளையை. இப்போது முடிவைப் பாருங்கள், ஒன்றில் அவளை மறுபடி அடைக்கலாம், இல்லை அழிக்கலாம்.

கொப்புளமும் காய்ச்சலுமாக வருகிற அம்மாளை என்ன செய்வது என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வேப்பிலை கட்டுவோம், அவள் சூட்டைத் தணிக்கிற குளிர்த்திப் பாட்டைப் பாடுவோம். இங்கே அம்மாள் என்றால் கண்ணகி. அவள் உலகத்தைப் படைத்தவள் இல்லை, அது வேறு. ஆனால் ஒரு நகரத்தை எரித்தவள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு என்று தீயிடம் சொன்னாள் என்கிறது சிலப்பதிகாரம். அப்படியென்றால் அந்தப் பட்டியலில் இல்லாத மதுரைக்காரன், சந்தையில் உப்பு விற்றவன், அவன் என்ன செய்தான்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை, ஆனாலும் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசிச் சடங்கு நடக்கிறது. அவள் கதையைச் சொல்லும் வழக்குரை என்ற பாடலைப் படித்து, அவளுக்கு நடந்த அநியாயத்தை ஒன்றும் விடாமல் அவளுக்கு முன்னாலேயே சொல்லி, கடைசியில் குளிர்த்தி பாடி அனுப்புகிறோம். அவள் செய்ததை நாம் சரியென்றும் சொல்லவில்லை, தண்டிக்கவும் இல்லை. சூடு இருக்கிறது, தணிக்க வேண்டும், அடுத்த வருடமும் தணிக்க வேண்டும். இப்படி ஒரு முடிவு உள்ள கேமை நான் இன்னும் விளையாடவில்லை.

நீங்கள் செய்யலாமே. வாவிக்குள் போன ஊருக்கு ஒரு வழக்குரை எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கதவு திறக்கும், மூழ்கிய ஊரின் முறைப்பாட்டைத் தெய்வம் அசையாமல் இருந்து கேட்க வேண்டும், விளையாடுகிறவர் அதைப் படிக்கிற ஆள். எந்த வீட்டின் கதையைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் பாட்டைத் தொடங்குவது என்பதெல்லாம் அவர் கையில். முறைப்பாட்டை மூடி மறைத்தால் சனத்துக்குக் கோபம், கூட்டிப் படித்தால் அவளுக்குச் சூடு ஏறும், ஏறினால் மீன் செத்து மிதக்கும். இங்கே பார்க்கிற ஊருக்குப் பசி, அங்கே கேட்கிற ஊருக்கு நீதி. இதில் எங்கே ஐம்பதுக்கு ஐம்பது வைப்பீர்கள்?

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூழ்கியவர்கள்தான் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் என்பது இந்த ஊரில் எழுதுகிற எல்லாருக்கும் முதலில் வருகிற யோசனை, அதனால் அவர்களை அழகாகப் பாடவைத்து மட்டும் விட்டுவிடாதீர்கள், பேசவையுங்கள், ஏசவையுங்கள். அதோடு, ஊரைத் தண்ணீர் கொண்டுபோவது இந்தக் கரையில் கற்பனை இல்லை. 2004 மார்கழிச் சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், மட்டக்களப்பில் கல்லடியிலும் நாவலடியிலும் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லுவார்கள். "சமநிலைக்காக ஓர் ஊர் போகத்தான் வேண்டியிருந்தது" என்று உங்கள் கேமில் யாராவது சொன்னால், அதை ஒரு தாய்க்கு முன்னால் நின்று சொல்லவையுங்கள், அவளுக்குப் பதில் சொல்லவும் இடம் கொடுங்கள்.

அம்மாவின் பாதி நியாயம் இதுதான். கண்ணகி என்ற பெயரையோ, கோவிலில் பாடுகிற குளிர்த்திப் பாட்டையோ எடுத்து அப்படியே கேமுக்குள் போடாதீர்கள், அது சிலருக்கு நோன்பிருந்து பாடுகிற பாட்டு. முறையைப் படியுங்கள், சடங்கு செய்கிற பூசகரான கப்புகனார் யாரையாவது தெரிந்தால் போய் இருந்து கேளுங்கள், கோவிலை நிர்வகிக்கிற வண்ணக்கரிடம் கேட்காமல் ஒலிப்பதிவு செய்யப் போய் ஏச்சு வாங்காதீர்கள், அப்புறம் பெயரும் பாட்டும் உங்களுடையதாக எழுதுங்கள். அம்மாவிடமும் கதையை மறுபடி சொல்லுங்கள், இந்தத் தடவை சாமியை அடிக்கிற கேம் இல்லை என்று முதலே சொல்லிவிட்டு.

டெமோ வந்தால் அனுப்புங்கள். என் லெப்டொப் பழசு, நிழலும் தண்ணீர் மினுக்கமும் கூடப் போட்டால் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அன்புடன்,
அக்கா