இரண்டு நாள் ஆக்சஸ் வகுப்பு போதுமா?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கேட்டரிங் நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: "ஏழு வருட ஆர்டர்கள் எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் கிடக்கின்றன. முதலாளி ஆக்சஸ் கற்றுக்கொண்டு வரச் சொல்கிறார். இரண்டு நாள் வகுப்பு போதுமா? அரசு பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் கட்டலாமா? வீட்டில் மேக்புக்தான் இருக்கிறது."

முதலில் மேக்புக். ஆக்சஸ் என்பது தரவுகளை டேபிள்களாகப் பிரித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள், அது விண்டோஸில்தான் ஓடும். வகுப்பில் கணினி தருவார்கள், சரி, ஆனால் திரும்பி வந்து பழகிப் பார்க்க இடமில்லை என்றால் பத்து நாளில் பாதி மறந்துவிடும். அதனால் பணம் கட்டும் முன்பே அலுவலகக் கணினியில் ஆக்சஸ் இருக்கிறதா என்று பாருங்கள், தினமும் அரை மணி நேரம் அதில் உட்கார முதலாளியிடம் கேட்டுவையுங்கள். வீட்டில் பழக லிப்ரேஆபிஸ் பேஸ் என்று இதே மாதிரி மென்பொருள் ஒன்று இருக்கிறது, இலவசம், மேக்கிலும் ஓடும். பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கும், அடிப்படை ஒன்றுதான்.

இரண்டு நாள் போதுமா என்பது முதல் நாளில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஃபார்ம், ரிப்போர்ட், கலர் என்று ஓடிவிட்டு டேபிள் வடிவமைப்புக்கு ஒரு மணி நேரம்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் எக்செல்லை நான் பார்க்கவில்லை, ஆனாலும் அதில் உணவு1, உணவு2 என்று பத்துப் பன்னிரண்டு நெடுவரிசை (காலம்) இருக்கும், ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். போன தீபாவளிக்கு மட்டன் பிரியாணி எத்தனை பேருக்குப் போனது என்று முதலாளி கேட்டால் அந்தப் பன்னிரண்டு நெடுவரிசையிலும் தேட வேண்டும். ஆக்சஸில் வாடிக்கையாளர் ஒரு டேபிள், ஆர்டர் ஒன்று, உணவு வகை ஒன்று. அப்புறம் எந்த ஆர்டரில் எந்த உணவு எத்தனை பேருக்கு என்று நாலாவதாக ஒன்று. எல்லோரும் தடுமாறுவது இந்த நாலாவதில்தான். அது சரியாக இல்லையென்றால் மேலே எவ்வளவு அழகான ஃபார்ம் போட்டாலும் வீண்.

இந்த நாலையும் வகுப்புக்குப் போகும் முன்பே பேப்பரில் வரைந்துபாருங்கள், தப்பாக வந்தாலும் பரவாயில்லை. சொந்தத் தரவில் ஐம்பது வரிகளைப் பெயரும் ஃபோன் எண்ணும் மாற்றி எடுத்துப்போகலாமா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அடையாள அட்டை எண்ணை வாடிக்கையாளர் எண்ணாக வைக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், 2019 செப்டம்பரிலிருந்து அதைச் சேகரிப்பதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. ஆக்சஸ் தானாகத் தரும் எண் போதும்.

பலர் சறுக்குகிற இன்னொன்று: ஆக்சஸிடம் தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் வரியில் #05/03/2025# என்று எழுதினால் ஆக்சஸ் அதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். நாம் மார்ச் 5 என்று நினைத்துக்கொண்டிருப்போம், பிழைச் செய்தியும் வராது.

பணத்துக்கு வருவோம். ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு, நிரந்தரவாசிகளுக்குக் கிடையாது. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்த வகுப்பு தகுதி பெற்றதா என்று பார்த்து, வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். 40 வயதானவர்களுக்கு 2024 மே முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி வேறு கணக்கு, அது எல்லா வகுப்புக்கும் செல்லாது.

அடிப்படை வகுப்பையும் அட்வான்ஸ்டையும் ஒரே வாரத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். நடுவில் ஒரு மாதமாவது உண்மையான ஆர்டர்களை உள்ளே போட்டுப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். எக்செல் ஃபைலை அதுவரை அழிக்க வேண்டாம்.