பட்டை 100 சதவீதம் காட்டிய பிறகும் கோப்பு ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி: வீட்டிலுள்ள உபுண்டு கணினியிலிருந்து, எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு முறையில் அமைந்த 64 ஜிபி பென் டிரைவுக்கு ஒரு வீடியோவை நகலெடுத்தேன். நகலெடுப்பின் அளவைக் காட்டும் பட்டை 100 சதவீதத்தைத் தொட்டதும் டிரைவை உருவிவிட்டேன். ஸ்டுடியோவில் செருகினால் கோப்பின் பெயர் தெரிகிறது, வீடியோ ஓடவில்லை. அலுவலகத்து விண்டோஸ் கணினியில் இப்படி எடுத்து ஒருமுறைகூடப் பழுதானதில்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ், நகலெடுக்கும் தரவை முதலில் ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் சிறிது சிறிதாக டிரைவில் எழுதுகிறது. வழக்கமான அமைப்பில் தரவு 30 விநாடிகள் வரைகூட எழுதப்படாமல் ரேமில் காத்திருக்கலாம். நீங்கள் பார்த்த பட்டை, ரேமுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் கணக்கிட்டது. விநாடிக்கு 10 எம்பி எழுதும் டிரைவுக்கு 600 எம்பி பாக்கி இருந்தால், அதன் பிறகும் ஒரு நிமிடம் தேவை. அதற்குள் உருவினால், எழுத டிரைவே இல்லாமல் போன அந்தத் தரவை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கைவிட்டுவிடும். இதை உங்கள் அவசரம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டும் பட்டைக்கும் பங்குண்டு.

விண்டோஸ் 10, 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிரைவுகளுக்கு இப்படிச் சேர்த்துவைத்து எழுதும் வழக்கத்தை இயல்பமைப்பில் நிறுத்திவிட்டது. அலுவலகத்தில் நீங்கள் தப்பியது அதனால்தான். அங்கும் நகலெடுக்கும் நடுவில் உருவினால் பழுதாகும். எக்ஸ்ஃபேட்டில், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது என்பதால், பாதியில் நின்ற வேலையைச் சீராக்குவதும் கடினம்.

இனி, கோப்பு மேலாளரில் டிரைவின் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் 'சிங்க்' (sync) கட்டளை கொடுத்தாலும் பாக்கித் தரவு எழுதப்படும். ஆனால் வெளியேற்றுவதே முறை. டிரைவ் பயன்பாட்டில் இருப்பதாகக் கணினி மறுத்தால், அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயலியையோ, அந்தக் கோப்புறைக்குள் நிற்கும் டெர்மினலையோ மூடுங்கள்.

இப்போதைக்கு, மூல வீடியோ வீட்டுக் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டிரைவை விண்டோஸின் பிழைச் சரிபார்ப்பில் ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி நகலெடுத்தால் போதும். நகலெடுக்காமல் வெட்டி ஒட்டியிருந்தால் நிலைமை வேறு: தரவு ரேமைத் தாண்டுவதற்கு முன்பே மூலக் கோப்பு அழிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் வீட்டுக் கணினியை உடனே நிறுத்திவிடுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாதவரைதான் அழிந்த கோப்பை மீட்க வழியுண்டு.