பாத் வரிசை: நீங்கள் அடித்த கட்டளைதான் ஓடுகிறதா?

கேள்வி: ஸ்கிரிப்ட் நான் நிற்கும் டைரக்டரியில்தான் இருக்கிறது. பெயரை அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது லினக்ஸ். விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் முதலில் நடப்பு டைரக்டரியில்தான் தேடும். யூனிக்ஸ் வகை ஷெல்கள் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்கள்), கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதிய டைரக்டரிகளை இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை ஓட்டிவிடும். பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள்; புள்ளி என்றால் நடப்பு டைரக்டரி. சாய்கோடு வந்துவிட்டால் ஷெல் பாத் பக்கமே போகாது.

கேள்வி: புள்ளியைப் பாத்திலேயே சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததே?

பதில்: வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டிஎம்பி டைரக்டரியில் ஒருவர், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையின் பெயரில் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். புள்ளி பாத்தின் முன்னால் இருக்க, நீங்கள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) அங்கே போய் எல்எஸ் அடித்தால் ஓடுவது அவருடையது, அதுவும் ரூட் அதிகாரத்தில். வந்த வேலையை முடித்துவிட்டு உண்மையான எல்எஸ்ஸையும் அழைத்துப் பட்டியலைக் காட்டிவிடும். உங்களுக்குச் சந்தேகமே வராது.

கேள்வி: கடைசியில் வைத்தால்?

பதில்: ஆபத்து குறையும், போகாது. எல்எஸ்ஸை அவசரத்தில் 'எஸ்எல்' என்று தட்டாதவர் யார்? அந்தப் பெயரில் பொறி வைக்கலாம். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: பட்டியலின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு முக்காற்புள்ளி தனியாக நின்றாலும், நடுவில் இரண்டு சேர்ந்து வந்தாலும், அந்த வெற்றிடத்துக்கு நடப்பு டைரக்டரி என்றே அர்த்தம். காலியான மாறியைப் பாத்தோடு ஒட்டும் ஸ்கிரிப்ட்களில் இது சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

கேள்வி: ஹோமில் (என் சொந்த டைரக்டரியில்) நிரல்களுக்கான 'பின்' என்ற டைரக்டரியைப் பாத்தின் முன்னால் வைத்திருக்கிறேன். தப்பா?

பதில்: சாதாரண பயனருக்குச் சரிதான். உங்கள் ஹோமில் எழுத முடிந்தவர் பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பையே மாற்றிவிடுவார், பாத் அவருக்கு எதற்கு? ரூட்டின் பாத்தில் மட்டும், ரூட்டைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத டைரக்டரிகளே இருக்கட்டும். ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் சூடோவில் 'செக்யூர் பாத்' அமைத்திருந்தால் அது உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டுத் தன் பட்டியலில்தான் தேடும். ஆனால் சூடோவையே தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் ஷெல், உங்கள் பாத்தில்! முன்னால் ஒரு போலி சூடோ இருந்தால் கடவுச்சொல் போயிற்று.

கேள்வி: செட்யூஐடி நிரல் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடுவது) ஒன்றில், ஷெல் மூலம் கட்டளை ஓட்டும் சிஸ்டம் ஃபங்ஷன் வழியாக, தேதி காட்டும் 'டேட்' கட்டளையை அழைக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: ஓட்டுபவரின் பாத் அப்படியே உள்ளே வரும், அவர் தன்னுடைய 'டேட்'டை முன்னால் நிறுத்துவார். சில ஷெல்கள் கூடுதல் அதிகாரத்தைத் தாமே கைவிடும். அதை நம்பி நிரல் எழுதாதீர்கள். முழுப் பாதையோடு, நீங்களே அமைத்த சுத்தமான சூழல் மாறிகளைக் கொடுத்து, ஷெல் இல்லாமல் நிரலை நேரடியாக ஓட்டும் எக்ஸெக்விஇ மூலம் அழையுங்கள்.

கேள்வி: புதிய பதிப்பை நிறுவியும் பழையதே ஓடுகிறது.

பதில்: பாஷில் 'டைப்' கட்டளையோடு ஹைஃபன் ஏ கொடுங்கள். அலியாஸ் (கட்டளைக்கு வைத்த மாற்றுப்பெயர்), ஃபங்ஷன் உட்பட அந்தப் பெயரில் இருப்பதெல்லாம் வரிசையாக வரும். புதியது முன்னால் இருந்தும் ஓடவில்லையென்றால், பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. 'ஹாஷ்' கட்டளைக்கு ஹைஃபன் ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.