பழுதானால் யார் வருவார்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் அப்பா நடத்திவந்த பெயிண்ட், பைப் மொத்தக் கடையை இப்போது நான் பார்க்கிறேன். பில்லிங், ஸ்டாக், டாலி கணக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு கம்ப்யூட்டர் வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் கொட்டேஷன் வாங்கினோம். தம்பி சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கொட்டேஷன் அதைவிட 38,000 ரூபாய் குறைவு. அப்பாவோ, "தெரிஞ்ச அண்ணாச்சி வண்ணார்பேட்டையில இருக்கும்போது மெட்ராசுக்கு எதுக்கு?" என்கிறார். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். யாரை நம்பி வாங்குவது?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு கொட்டேஷனையும் அருகருகே வைத்துப் படித்தேன். வண்ணார்பேட்டைக்காரர் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல், வாரண்டி என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். சென்னைக் கொட்டேஷனில் "ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, மானிட்டருடன் - 7 செட்" என்று ஒரே ஒரு வரி. அந்த 38,000 ரூபாய் இந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐ5 என்பது இன்டெல் பிராசசரின் பெயர். அதில் எத்தனையாவது தலைமுறை? அதை எழுதவில்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய மெஷின்களைத் துடைத்துப் புதிது போல விற்பவர்களும் "ஐ5" என்றுதான் எழுதுவார்கள். பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கு முழுவதும் இருக்கிற மெஷினை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. விண்டோஸ் லைசென்ஸ் பற்றியும் அதில் பேச்சில்லை. "நாங்களே போட்டுத் தருவோம்" என்றால் திருட்டு நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். லைசென்ஸைத் தனி வரியாக, விலையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை) எந்தக் கம்பெனி என்றும் கேளுங்கள். விலை குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கிற இடம் அதுதான். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ரிச்சி தெருவில் நேர்மையான வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் தம்பி வாங்கியிருக்கிற இந்தக் காகிதத்தை மட்டும்தான் நான் நம்பவில்லை.

இனி ஆளைப் பற்றி. என் மைத்துனர் நெல்லை ஜங்ஷன் பக்கம் டிராவல்ஸ் நடத்துகிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் அவருடைய ஆபீசுக்குள் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்த அன்று காலையில் கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து அவர்களாகவே போன் செய்தார்கள்: "அண்ணாச்சி, எதையும் ஆன் பண்ணிராதீங்க. பையன் வாரான்." வந்த பையன் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான். ஒவ்வொரு சிபியுவாகப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் ஊற்றியது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் உருவி, பனியன் துணியால் துடைத்து, எது எந்த டேபிளுடையது என்று டேப் ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்தான். ஐந்தில் நான்கு டிஸ்க்கில் இருந்த கணக்கை மீட்டுவிட்டார்கள். தண்ணீர் புகுந்த மெஷினுக்கு வாரண்டி கிடையாது. அந்தக் கடைக்காரர்கள் மெஷின்களை விற்று இரண்டு வருஷமும் ஆகியிருந்தது. அவர்கள் வந்திருக்கவே வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒரு கடையை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போய், கடையின் பின்பக்கம் சர்வீஸ் டேபிள் இருக்கிற இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். புது வாடிக்கையாளரை எல்லாக் கடையிலும் நன்றாகத்தான் கவனிப்பார்கள்.

அப்புறம் நேரடியாகக் கேளுங்கள். அம்பாசமுத்திரம் வரை ஆள் வருமா, அதற்கு எவ்வளவு வாங்குவார்கள், எத்தனை மணி நேரத்தில்? பிராண்டட் மெஷினில் ஆன்சைட் வாரண்டி எடுத்தால் கம்பெனி ஆளே கடைக்கு வருவார். அசெம்பிள்ட் (பாகங்களை வாங்கிக் கடையிலேயே பூட்டியது) என்றால் கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். மதர்போர்டு திரும்பி வர வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை ஸ்டாண்ட்பை மெஷின் தருவார்களா? தருவோம் என்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பில் என்றதும் ஒன்று. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தாரேன்" என்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வாங்கினால் 18,000 ரூபாய் வரி. உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் இருந்தால் அதை உங்கள் கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பில் உங்கள் 2பி-யில் (ஜிஎஸ்டி தளம் உங்களுக்குக் காட்டும் கொள்முதல் பில் பட்டியல்) ஏறியிருக்க வேண்டும். அவருடைய 15 இலக்க எண்ணை (நம் மாநிலத்துக்கு 33 என்று தொடங்கும்) ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்று தெரிந்துவிடும். மெஷின் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். அந்த நம்பரைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி தேதியையும் பாருங்கள். இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது: வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் பொதுவாக வழக்குப் போட முடியாது, சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆட்கள் வைத்து மொத்த வியாபாரம் செய்கிற உங்களுக்கு அது பொருந்துவது சிரமம்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தெரிந்தவர் போனை எடுப்பார். தெரிந்தவரிடம் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பதுதான் சிக்கல். "பேங்க்ல, ஆடிட்டர்ட்ட காட்டணும் அண்ணாச்சி" என்று சொல்லுங்கள், தப்பில்லை. உண்மையும் அதுதான்.

தம்பியிடம் சொல்லி, வண்ணார்பேட்டை ஒன்றரைப் பக்கத்தை அப்படியே சென்னைக்கு அனுப்பி, இதே மாடல்களுக்கு விலை கேட்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பத்தாயிரத்துக்குள் வந்தால் வண்ணார்பேட்டையிலேயே வாங்குங்கள். ஏழையும் ஒரேயடியாக வேண்டாம். பில்லிங் கவுண்ட்டருக்கு முதலில் ஒன்று, யூபிஎஸ்ஸோடு. ஒரு மாதம் ஓடட்டும். பிரிண்டர் மக்கர் செய்தால் போன் போட்டு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆள் வந்தார் என்று டைரியில் குறித்து வையுங்கள். மீதி ஆறுக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டுங்கள்.