பேட்ச் ரியாக்டர் அளவீடுகளிலிருந்து வினைவேகம் கண்டுபிடிப்பது எப்படி?

நேரமும் செறிவும் கொண்ட அட்டவணை கையில் இருக்கிறது, வினைவேகம் எங்கே என்பதுதானே கேள்வி? பேட்ச் ரியாக்டர் (எல்லாப் பொருள்களையும் தொடக்கத்திலேயே போட்டு, இடையில் எதையும் சேர்க்காமல் வினைபுரியவிடும் கலன்) வேகத்தை நேரடியாகக் காட்டாது. கன அளவு மாறாதவரை, செறிவு–நேர வளைவின் சாய்வுதான் வேகம். வினைபடுபொருள் குறைந்துகொண்டே போவதால் முன்னால் ஒரு கழித்தல் குறி.

ஒரு கணக்கு பார்ப்போம். தொடக்கச் செறிவு லிட்டருக்கு 1.00 மோல். 10, 20, 30 நிமிடங்களில் அது 0.61, 0.37, 0.22 ஆகிறது. முதல் வகை வினையா (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதா) என்று பார்க்க, தொடக்கச் செறிவை அந்தந்தச் செறிவால் வகுத்து இயற்கை மடக்கை எடுங்கள்: 0.49, 0.99, 1.51. பத்து நிமிடத்துக்குச் சுமார் 0.5 ஏறுகிறது, அதாவது நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வே வினைவேக மாறிலி (வேகத்தைப் பெற செறிவோடு பெருக்கவேண்டிய எண்): நிமிடத்துக்கு 0.05. செறிவு 0.5 இருக்கும்போது வேகம் 0.05 × 0.5 = 0.025 மோல்/லிட்டர்/நிமிடம். இரண்டாம் வகையாக (வேகம் செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில்) இருந்தால் செறிவின் தலைகீழி (1/செறிவு) நேர்கோடாக வரவேண்டும், இங்கே 1.00, 1.64, 2.70, 4.55 என்று வளைந்துவிடுகிறது.

வகை தெரியாவிட்டால் சாய்வுகளை எடுத்து, வேகத்தின் மடக்கையைச் செறிவின் மடக்கைக்கு எதிரே வரையலாம். அந்தக் கோட்டின் சாய்வே வினைவகை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கழித்துச் சாய்வு எடுத்தால் அளவீட்டுப் பிழை பெரிதாகிவிடும். முதலில் ஒரு மென்மையான வளைவைப் பொருத்திவிட்டு, அப்புறம் அந்த வளைவின் சாய்வை எடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் வேறு: வினைபடுபொருளில் 20% மாறியதுமே சோதனையை நிறுத்திவிடுவார்கள். அந்த எல்லைக்குள் எல்லா வகையும் ஏறக்குறைய நேர்கோடாகத்தான் தெரியும். இரண்டு, மூன்று அரை ஆயுட்காலமாவது (செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஓடவிடுங்கள். வெப்பநிலை நிலையாகும் முன் எடுத்த மாதிரிகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.