கேளுங்கள், சொல்கிறேன்: குப்பைக் கடிதங்கள்

இந்த மாதம் வந்ததில் மூன்று கடிதம் குப்பையைப் பற்றி. லாரிக்குப் பின்னால் 26 வருஷம் நடந்தவன் என்பதால் மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டார் ஆசிரியர்.

கே: எங்கள் அடுக்குமாடியில் 120 வீடு. இந்த வருஷம் நிர்வாகக் குழுவில் நானும் இருக்கிறேன். மறுசுழற்சிக்கு மூன்று நிறத் தொட்டி வாங்க 3,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கலாம் என்கிறார்கள். சரிதானா, ஐயா? (வாசகி, ரெலாவ், பினாங்கு)

ப: பணம் பையிலேயே இருக்கட்டும், அம்மா. ஆயர் ஈத்தாமில் எங்கள் புளோக்கிலும் இதைத்தான் செய்தோம். காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு. இரண்டே வாரத்தில் நீலத் தொட்டிக்குள் கோழி எலும்பு, பேம்பர்ஸ். பழைய பேப்பர் வாங்க வரும் சீனக் கிழவர் ஒரு கட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். சாம்பார்த் தண்ணீர் இறங்கியது. "இதைக் காயவைத்து விற்கவா, கரைத்துக் குடிக்கவா?" என்று மலாயில் கேட்டுவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

ஈரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. 2012இல் மலேசியா முழுக்க எடுத்த ஆய்வில், வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு. பேம்பர்ஸ் வகையறா மட்டும் 12 (நம்ப முடிகிறதா?). அதனால் முதலில் ஒரு மாடியைப் பிடியுங்கள். பத்து வீடு, ஒரு வாரம். மீன்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கி, ஈரத்தையும் காய்ந்ததையும் தனித்தனியாக நிறுத்து நோட்டில் எழுதுங்கள். எடை தெரியாமல் குழு கூடினால் தொட்டியின் நிறத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு ஈரத்துக்கு வீட்டுக்கொரு மூடி போட்ட வாளி. பின்பக்கம் கொஞ்சம் இடமிருந்தால் உரக்குழி போடலாம்: ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை, கிழித்த அட்டை. நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். சொட்டினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, பிடிகொழுக்கட்டை மாதிரி நின்றால் பதம். மீன், எலும்பு, எண்ணெய் மிதக்கும் கறி வேண்டாம். எலி குடும்பத்தோடு வரும்.

காய்ந்ததைப் பூட்டிய அறையில் வையுங்கள். படிக்கட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம், ஒரு சிகரெட் துண்டு போதும். பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்தால் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். தொட்டிப் பேச்சை மூன்று மாதம் கழித்து எடுக்கலாம்.

கே: நான் பிரித்துத்தான் வைக்கிறேன். லாரிக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிப் போட்டுப் போகிறார். பிறகு எதற்கு இந்த வேலை? (வாசகர், ஜெலுத்தோங்)

ப: உங்கள் கோபம் நியாயம்தான். பினாங்கில் பிரித்துக் கொடுக்கச் சொன்னது 2016 ஜூனில். இருந்தும் இது நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் ஒரே கை இரண்டையும் தூக்கும். மறுசுழற்சிப் பையை அதற்கான நாளில் மட்டும் வெளியே வையுங்கள், இல்லையென்றால் நேரே கொண்டுபோய் விற்றுவிடுங்கள். மறுபடி நடந்தால் தேதி, மணி, லாரி எண், ஒரு படம். இந்த நான்கும் இல்லாத புகாரை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

எதற்கு என்று கேட்டீர்கள். தீவில் நாம் போடுவது பத்து மாவுங் என்ற இடத்திலுள்ள குப்பை மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி, நிபோங் திபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் கொட்டப்படுகிறது. அது 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. அதே வருஷம் ஏப்ரலில் உங்கள் ஊர்க் குப்பைமேடும் எரிந்ததே, அந்தப் புகையைப் பற்றி ஜெலுத்தோங்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். காகிதக் கப் வாங்கினால் மறுசுழற்சிக்குப் போகுமா? (இளைஞர் குழு, பட்டர்வொர்த்)

ப: போகாது, தம்பி. உள்ளே மெல்லிசாக பிளாஸ்டிக் பூசியிருக்கும், மேலே மோர் வேறு. எவர்சில்வர் தம்ளர் 300 வாடகைக்கு எடுங்கள். இரண்டு பெரிய பேசின், கழுவ மூன்று பேர். போன தடவை எங்கள் பந்தலில் ஆள் கிடைக்காது என்று பயந்தோம். பால்குடம் இறக்கிவிட்டு வந்த அக்காமார் தாங்களாகவே உட்கார்ந்து கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். பத்து மணிக்கே சோப்புத்தான் தீர்ந்துபோனது. இரண்டு போத்தல் கூடுதலாக வாங்கி வையுங்கள்.