முழுநாளா, அரைநாளா?

கேள்வி: நானும் கணவரும் திருகோணமலை நகரில் வேலை. நாலு வயது மகளை மதியத்தோடு விடும் முன்பள்ளியில் சேர்ப்பதா, மாலை வரை வைத்திருக்கும் இடத்திலா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மம்மாவோ சித்தியோ மதியம் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அரைநாளே போதும், முதலாம் தரப் பிள்ளைகளே மதியத்தோடு வீடு வந்துவிடுகிறார்களே! ஆளில்லையா, சரி, முழுநாள் விடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் சேர்க்கும் முன் மதிய நேரத்தில் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள் (காலையில் எல்லா இடமும் அழகுதான்). படுக்கப் பாயும் காற்றும் இருக்கிறதா, சோறு யார் ஊட்டுகிறார்கள், அல்லது அப்போதும் எழுதத்தான் வைக்கிறார்களா? இந்த வயதுக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, 10 முதல் 13 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியமும் கொப்பிதான் என்றால் வேறு இடம் தேடுங்கள்.